எக்ஸ்பி என்னும் தற்செயல் பொற்காலம்

காலாவதியான இயங்குதளங்களில் விண்டோஸ் எக்ஸ்பி அளவுக்கு ஏக்கத்தோடு நினைக்கப்படுவது வேறொன்று இல்லை. விண்டோஸ் 98 என்றால் அடிக்கடி முகம் காட்டிய நீலத்திரையைச் சொல்லிச் சிரிப்பார்கள். விஸ்டா என்றால் முகம் சுளிப்பார்கள். எக்ஸ்பி என்றதும் குரல் குழைந்துவிடும். பச்சைக் குன்றும் நீல வானமும், கணினி எழும்போது ஒலித்த அந்தச் சிறு இசையும் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு வந்த எதுவும் சரியில்லை என்ற தீர்ப்பும் கூடவே வரும். அந்தத் தீர்ப்பைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது. மக்கள் ஏங்குவது 2001 அக்டோபர் 25 அன்று கடைக்கு வந்த எக்ஸ்பிக்காக அல்ல என்பது என் கட்சி. அவர்கள் நினைவில் இருப்பது 2004-க்குப் பிந்தைய எக்ஸ்பி. அது அப்படி உருவானதில் மைக்ரோசாஃப்டின் திட்டத்தைவிட அந்நிறுவனத்தின் தடுமாற்றங்களுக்கே பங்கு அதிகம்.

முதலில் எக்ஸ்பிக்கு உரிய புகழைக் கொடுத்துவிடலாம். 1990-களில் மைக்ரோசாஃப்ட் இரண்டு குடும்பங்களை வளர்த்தது. வீட்டுக் கணினிகளுக்கு டாஸ் அடித்தளத்தின் மேல் எழுந்த 95, 98, எம்.ஈ. ஆகியவை, அலுவலகங்களுக்கு என்.டி. வரிசை. டிஜிட்டல் நிறுவனத்திலிருந்து 1988-இல் வந்து சேர்ந்த டேவ் கட்லரின் தலைமையில் எழுதப்பட்ட என்.டி., 1993-இல் வெளியானது. ஒரு நிரல் தவறினாலும் கணினி முழுவதும் விழுந்துவிடாதபடி ஒவ்வொன்றின் நினைவகத்தையும் வேலிகட்டிப் பிரித்தது அதன் பலம். வீட்டுக் குடும்பத்தில் அந்த வேலி ஓட்டை உடைசலானது. 1998 ஏப்ரலில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, ஒரு ஸ்கேனரை இணைத்ததும் விண்டோஸ் 98 எல்லோர் முன்னிலையிலும் நீலத்திரை காட்டி நின்றுபோனது. எக்ஸ்பி இந்த இரண்டு குடும்பங்களையும் ஒன்றாக்கி, என்.டி.யின் உறுதியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இது பெரிய காரியம்தான். ஆனால் அந்த உறுதியில் பெரும்பகுதி 2000 பிப்ரவரியிலேயே விண்டோஸ் 2000 என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் உள்கணக்கில் 2000-க்கு எண் 5.0, எக்ஸ்பிக்கு 5.1. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒன்றில் என்ன புதிதாக வந்தது என்று பார்த்தால், அன்று அதிகம் திட்டு வாங்கிய விஷயங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன.

திட்டு வாங்கியது உண்மை. இன்று அழகின் இலக்கணமாகச் சொல்லப்படும் நீலப் பட்டையும் பச்சை ஸ்டார்ட் பொத்தானும் அன்று குழந்தைகளின் பிளாஸ்டிக் பொம்மை போல இருப்பதாகக் கேலி செய்யப்பட்டன. கணினி தெரிந்தவர்கள் முதல் வேலையாகப் பழைய சாம்பல் தோற்றத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 128 எம்.பி. நினைவகம் இருந்தால் நல்லது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அன்றைய வீடுகளில் பாதி அளவு நினைவகத்தோடு ஓடிய கணினிகள் ஏராளம். அவற்றில் எக்ஸ்பி ஊர்ந்தது. பாதுகாப்பு இன்னும் மோசம். கடைக்கு வந்து இரண்டு மாதம் ஆகும் முன்பே, இணையத்தின் வழியாக எவரும் கணினியைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. பாதுகாப்புக்கே முதலிடம் என்று பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது அடுத்த மாதம், 2002 ஜனவரியில். அதன்பிறகும் 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது. அதற்கான திருத்தம் ஜூலையிலேயே வெளியாகியிருந்தது, ஆனால் பெரும்பாலானோர் நிறுவவில்லை. எதையும் சொடுக்க வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம். இணையத்தில் இணைத்தாலே போதும், புழு உள்ளே வந்துவிடும், கணினி ஒரு நிமிட அவகாசம் கொடுத்துத் தானாக அணைந்து எழும். 2004 வசந்தத்தில் சாஸர் வந்து அதே கூத்தை மறுபடி நடத்தியது. எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அதை இயக்காமலே விற்றார்கள்.

இந்தப் புழுக்கள்தான் எக்ஸ்பியைத் திருத்தின. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது. பெயர் பராமரிப்பு வேலை போல ஒலித்தாலும் அது கிட்டத்தட்டப் புதிய இயங்குதளம். ஃபயர்வால் முதலிலிருந்தே இயங்கியது. தானியங்கித் திருத்தங்களை முன்னே நிறுத்தியது. தரவுக்கு ஒதுக்கிய நினைவகத்தில் நிரல் ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு வந்தது. உலாவியில் துள்ளி எழும் விளம்பரச் சன்னல்களுக்குப் பூட்டு விழுந்தது. வேறு காலமாக இருந்தால் இதைத் தனிப்பெயர் சூட்டி விற்றிருப்பார்கள். நெருக்கடி காரணமாக இலவசமாகக் கொடுத்தார்கள். இதற்காக, லாங்ஹார்ன் என்ற குறிப்புப் பெயரில் அடுத்த விண்டோஸை எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலர் எக்ஸ்பிக்குத் திருப்பப்பட்டார்கள். லாங்ஹார்னும் அதற்குள் தன் பாரத்தாலேயே சாய்ந்துகொண்டிருந்தது. அதே 2004 ஆகஸ்டில், எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் சர்வர் 2003-இன் அடித்தளத்திலிருந்து மறுபடி தொடங்க மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. பெரிதாகப் பேசப்பட்ட வின்.எஃப்.எஸ். கோப்பு முறை கைவிடப்பட்டது. மிஞ்சியது விஸ்டா என்ற பெயரில் 2007 ஜனவரி 30 அன்றுதான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. 1995-க்கும் 2001-க்கும் இடையே வீட்டுப் பயனருக்கு நான்கு விண்டோஸ்கள் வந்திருந்தன. 2001-க்கும் 2007-க்கும் இடையே ஒன்றுகூட வரவில்லை.

எக்ஸ்பியின் பொற்காலம் என்று நாம் சொல்வது இந்த ஐந்தேகால் ஆண்டு இடைவெளியின் பிற்பகுதியைத்தான். இயங்குதளம் நின்ற இடத்தில் நிற்க, வன்பொருள் மட்டும் ஓடியது. 2001-இல் மூச்சுத் திணறிய எக்ஸ்பி, 2006-இன் கணினியில் பறந்தது. மென்பொருளில் ஒரு வரிகூட இதற்காக மாறவில்லை, அதைச் சுற்றி நினைவகம் மலிந்தது. அச்சுப்பொறி, ஸ்கேனர், வெப்கேம் என்று எதை வாங்கினாலும் எக்ஸ்பிக்கான டிரைவர் பெட்டிக்குள்ளேயே இருந்தது; தயாரிப்பாளர்களுக்கு இலக்கு வைக்க வேறொன்று இல்லை. பாடநூல் எழுதியவரும் கணினிப் பயிற்சி மையம் நடத்தியவரும் பழுது பார்த்தவரும் ஒரே திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டார்கள். எக்ஸ்பி எளிதாக இருந்தது என்று இன்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த இயங்குதளத்தையும் ஐந்தாண்டு அசைக்காமல் விட்டால் அது எளிதாகத்தான் தோன்றும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தரத்தால் அல்லாமல் தற்செயலால் வந்த புகழ் என்றால், விஸ்டாவும் விண்டோஸ் 7-உம் வந்த பிறகும் கோடிக்கணக்கானோர் எக்ஸ்பியை விடாதது ஏன்? 2008-இல் எக்ஸ்பி விற்பனையை நிறுத்தக் கூடாது என்று இன்ஃபோவேர்ல்டு இதழ் நடத்திய கையெழுத்து இயக்கத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தபோதும், மேசைக் கணினிகளில் கால் பங்குக்கு மேல் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. இதில் அன்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்பைவிடக் கட்டாயம் அதிகம். எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ மட்டுமே மனத்தில் வைத்து நிறுவனங்கள் தங்கள் உள்வேலைச் செயலிகளை எழுதியிருந்தன. உலாவியை மாற்றினால் செயலி நின்றுவிடும், செயலி நின்றால் அலுவலகம் நின்றுவிடும். அந்த உலாவியைத் தயவுசெய்து கைவிடுங்கள் என்று 2011-இல் மைக்ரோசாஃப்டே பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. நெட்புக் என்ற சிறு மடிக்கணினிகளில் விஸ்டா ஓடாது என்பதால், அந்தச் சந்தை லினக்ஸுக்குப் போய்விடாமல் இருக்க, எக்ஸ்பியை 2010 வரை அவற்றில் நிறுவி விற்க அனுமதித்தார்கள். ஏ.டி.எம். இயந்திரங்களை யாரும் ஏக்கத்தால் எக்ஸ்பியில் வைத்திருக்கவில்லை. இந்தியாவில் 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதித்து, 2019 ஜூனுக்குள் எல்லா ஏ.டி.எம்.களையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றச் சொன்ன பிறகே வங்கிகள் அசைந்தன. அமெரிக்கக் கடற்படை 2015-இல் எக்ஸ்பி உள்ளிட்ட பழைய மென்பொருள்களுக்குத் தனி ஆதரவு பெற 91 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. மாற முடியாமல் கொடுத்த பணம் அது.

தமிழைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் சுவாரசியமானது. யூனிகோடு தமிழை விண்டோஸ் குடும்பத்தில் முதலில் காட்டியது விண்டோஸ் 2000. லதா எழுத்துரு அதோடுதான் வந்தது. எக்ஸ்பி அதை வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் கொண்டுசென்றது. தாப், தாம், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் சிதறிக் கிடந்த தமிழ், ஒரே குறியாக்கத்தில் வலைப்பதிவுகளாகப் பெருகிய ஆண்டுகளும் எக்ஸ்பி ஆண்டுகளும் ஒன்றே. ஆகவே தமிழருக்கு எக்ஸ்பி மேல் பிரியம் இருக்க நியாயம் உண்டு. ஆனால் அந்த எக்ஸ்பி தமிழைத் தானாகக் காட்டவில்லை. கன்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிப் பகுதியைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, கேட்கும்போது எக்ஸ்பி குறுந்தகட்டைப் போட வேண்டும். குறுந்தகடு கையில் இல்லாதவருக்குக் கொம்பும் காலும் இடம் மாறிய எழுத்துகளோ வெறும் கட்டங்களோதான் கிடைத்தன. தமிழ்த் தளங்கள் பல, தமிழ் தெரியவில்லையா என்று கேட்டு விளக்கப் பக்கம் வைத்திருந்த காலம் அது. தட்டச்சுக்கு இ-கலப்பை போன்ற தன்னார்வலர் மென்பொருள்கள் கைகொடுத்தன. எந்த அமைப்பையும் தொடாமல், வாங்கிய அன்றே தமிழைச் சரியாகக் காட்டிய முதல் விண்டோஸ், எல்லோரும் திட்டும் விஸ்டா. நினைவில் எக்ஸ்பி தமிழ் பேசுகிறதென்றால், பேச வைத்த உழைப்பு பயனர்களுடையது.

இன்னொரு மறுப்பு, என் பார்வையில் எல்லாவற்றிலும் கனமானது. எக்ஸ்பி கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் காட்டவில்லை, இணையம் இல்லாமல் முழுதாக இயங்கியது. கணினி நம்முடையது என்ற உணர்வு இருந்தது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உணர்வில் முதல் விரிசலும் எக்ஸ்பியிலேயே விழுந்தது. வாங்கிய விண்டோஸை நிறுவனத்திடம் பதிவுசெய்து இயக்க அனுமதி பெறும் ஆக்டிவேஷன் முறை வீட்டு விண்டோஸுக்குள் பரவலாக நுழைந்தது 2001-இல். வன்பொருளைக் கணிசமாக மாற்றினால் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பாஸ்போர்ட் கணக்கு தொடங்கச் சொல்லும் சிறு பலூன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எழும்பியதும் எக்ஸ்பியில்தான். 2006-இல் வந்த அசல்-போலி சோதனை நிரல் நாள்தோறும் மைக்ரோசாஃப்டைத் தொடர்புகொண்டது தெரியவந்து பெரிய சச்சரவே நடந்தது. இந்தியாவில் பலருக்கு இந்தக் கட்டு உறைக்காமல் போனதற்குக் காரணம் வெளிப்படை: அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் ஓடியது பெரும்பாலும் நகல் எக்ஸ்பி. பெருநிறுவனங்களுக்கென ஆக்டிவேஷன் இல்லாமல் தயாரித்த பதிப்பும் அதன் சாவியும் வெளியீட்டுக்கு முன்பே கசிந்து கைமாறின. அவர்கள் அனுபவித்த சுதந்திரத்தை மைக்ரோசாஃப்ட் கொடுக்கவில்லை.

ஆதரவு முடிந்தபின் நடந்தவற்றிலும் நினைவு கொஞ்சம் கைவைத்திருக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற புழு பரவியபோது, மூன்றாண்டுக்கு முன் கைகழுவிய எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2019-இலும் ஒருமுறை வெளியிட்டது. முதல் சம்பவத்தை வைத்து எக்ஸ்பியே வானாக்ரைக்குக் காரணம் என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். எக்ஸ்பி மேல் ஏற்றிய பழியிலும் மிகை உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். எக்ஸ்பியை விட்டு வெளியேற முயன்றவர்களும் உண்டு: தமிழ்நாடு அரசு 2014-இல் எக்ஸ்பியிலிருந்து சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தன் துறைகளைக் கேட்டுக்கொண்டது. பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் தொடர அதுவும் ஒரு வழியாக இருந்தது. கடை முனையங்களுக்கான எக்ஸ்பி வகைக்கு 2019 ஏப்ரல் வரை திருத்தங்கள் வந்தன. அதோடு எக்ஸ்பி அதிகாரபூர்வமாக முடிந்தது.

ஆகவே எக்ஸ்பியைத் திருப்பிக் கொடுங்கள் என்பது தவறான கோரிக்கை. கேட்க வேண்டியது, ஓர் இயங்குதளத்தை வெளியிட்டால் ஐந்தாண்டாவது அதன் முகத்தை மாற்றாமல், ஓட்டைகளை மட்டும் அடைத்துக் கொடுக்கும் ஒழுங்கு. மைக்ரோசாஃப்ட் அதை 2001-க்கும் 2007-க்கும் இடையே வேறு வழியில்லாமல் செய்தது. 2015-இல் உளவு பார்க்கிறது, கேட்காமலே தன்னை நிறுவிக்கொள்கிறது என்று திட்டு வாங்கிய விண்டோஸ் 10, அடுத்தது வர ஆறாண்டு ஆனதால் அதே பழக்கத்தையும் அதே பிரியத்தையும் சம்பாதித்துக்கொண்டது. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகள் வரத் தொடங்கிவிட்டன.