நிகழ்வறிவிப்புகளின் அலகுச் சோதனை (ஐஓஎஸ்)

ஐபோன் செயலியின் ஒரு பகுதி பிற பகுதிகளுக்கு விடுக்கும் உள் அறிவிப்பு, உரிய வேளையில் உரிய தரவுடன் வெளியாகிறதா என்று நிரல் மூலமே சரிபார்க்கும் முறை. பூட்டுத்திரையில் தோன்றும் புஷ் அறிவிப்பு வேறு. இங்கே பேசப்படுவது உள் அறிவிப்புகளைப் பரப்பும், ஃபவுண்டேஷன் நூலகத்தின் நோட்டிஃபிகேஷன் சென்டர் (அறிவிப்பு மையம்).

ஆப்பிள் நிறுவனம் 2013-இல் எக்ஸ்கோடு 5 நிரலாக்கக் கருவியுடன் எக்ஸ்சிடெஸ்ட் சோதனைச் சட்டகத்தை வெளியிட்டது. 2014-இல் அதில் ‘எதிர்பார்ப்பு’ வசதி சேர்ந்தது: இன்ன பெயருள்ள அறிவிப்பு வர வேண்டும் என்று சோதனை முதலில் பதிகிறது, பிறகு செயலைத் தூண்டுகிறது, காலக்கெடு வரை காத்திருக்கிறது. உண்மையில் பல இடங்களில் இந்தக் காத்திருப்பே தேவையில்லை. அறிவிப்பு விடுத்த இழையிலேயே கேட்போர் (அறிவிப்பைப் பெறப் பதிந்த பகுதிகள்) அனைவரும் பொதுவாக அழைக்கப்பட்டு முடிந்த பிறகுதான் நிரல் அடுத்த வரிக்கு நகரும்; ஆகவே எத்தனை முறை வந்தது என எண்ணும் ஒரு மாறி போதும். வலையழைப்போ பின்னணி வரிசையோ குறுக்கிடும்போதுதான் எதிர்பார்ப்பு அவசியமாகிறது.

பெரிய தொல்லை, செயலி முழுவதற்கும் பொதுவான இயல்புநிலை அறிவிப்பு மையம். நீக்கப்படாத பழைய கேட்போர் அடுத்த சோதனையிலும் விழித்துக்கொள்வதால், தனியே ஓடும்போது தேறும் சோதனை, பிற சோதனைகளுடன் சேர்ந்து ஓடும்போது தோற்கும். சோதனைக்கென்று புதிய மையத்தை உருவாக்கி சோதிக்கப்படும் வகுப்புக்கு வெளியிலிருந்து கொடுப்பதே நல்ல தீர்வு. அறிவிப்பு வரவே கூடாது என்பதைச் சோதிக்கத் தலைகீழ் எதிர்பார்ப்பு உண்டு. அது காலக்கெடு முழுவதையும் விழுங்கும் என்பதால் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்.