சொல்தா வீட்டு சித்ரோயன்

தவளக்குப்பத்தில் எங்கள் தெரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது கப்பலில் கொண்டுவந்த 1958 மாடல் சித்ரோயன் 'தோ ஷெவோ' இன்னும் அவர் கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் டிங்கரைக் கூப்பிட்டார். பானெட் ஓரம் துருவில் உதிர்ந்திருந்தது.

"வரிவரியா தட்டுறது கஷ்டம் சார். சமத்தகடு போட்டு பட்டி பார்த்திடலாம்" என்றார் டிங்கர். சொல்தாவும் சரியென்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வரிகள் அலங்காரம் அல்ல. மெல்லிய தகடு, கூரைத் தகரம்போல் நெளித்தால்தான் விறைப்பு வரும். இரண்டு குடியானவர்களும் 50 கிலோ உருளைக்கிழங்கும் போக மலிவான வண்டி வேண்டும் என்று சித்ரோயன் தலைவர் பூலான்ழே 1930களில் கேட்டதன் விளைவு அது. 1939இல் போர் மூண்டது. ஜெர்மானியர் கையில் சிக்காதிருக்க சோதனை வண்டிகளை ஒளித்தார்கள், அழித்தார்கள். 1948 பாரீஸ் கண்காட்சியில்தான் வண்டி வெளியே வந்தது. நெருக்கமான வரிகள் கொண்ட பானெட் 1960 கடைசியோடு நின்றுபோயிற்று.

1990களில் பிரான்சில் ஒரு பரணில் மூன்று சோதனை வண்டிகள் கிடைத்தன. துருவைக்கூடத் துடைக்காமல் அப்படியே காத்துவருகிறார்கள்.

ஓடவேண்டிய வண்டிக்கு அது சரிப்படாது. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, வரி தட்டி ஒட்டுப்போடச் சொன்னேன். கூலி இரண்டு மடங்கு. சொல்தா இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார்.

ஒட்டு உற்றுப் பார்த்தால் தெரிகிறது. தெரியட்டும், மீதித் தகடு பழையது.