கசடே கருவியான வரலாறு

1858ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் இலண்டன் மாநகரை நிலைகுலையச் செய்தது. ஆற்றங்கரையில் அமைந்த நாடாளுமன்றத்தின் சாளரங்களில் சலவைத்தூள் கரைசலில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டும் பயனில்லை. பின்னர்ப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் அமைத்த பெரும் நிலத்தடிக் கால்வாய்கள், நகரின் கழிவைக் கிழக்கே கொண்டுசென்று ஆற்றில் விட்டன. நகரம் பிழைத்தது; ஆயினும் கழிவு இடம் மாறியதேயன்றித் தன்மை மாறவில்லை. அதன் தன்மையை மாற்றும் வழியை மனிதன் செம்மையாகக் கற்றுக்கொள்ள மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சிக்கல் கண்ணுக்குத் தெரியும் அழுக்கில் இல்லை. நீரைத் தொட்டியில் தேக்கினால் மணலும் கனமான துகள்களும் அடியில் படிந்துவிடும். உணவு, சிறுநீர், சவர்க்காரம் ஆகியவற்றிலிருந்து வந்து நீரோடு நீராய்க் கரைந்துவிட்ட கரிமப் பொருள்களோ படிவதுமில்லை, வடிகட்டினால் நிற்பதுமில்லை. ஆற்றில் அவை சிதையும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்துபோகிறது, மீன்கள் மடிகின்றன.

கழிவுநீரை மண்ணின் வழியே இடைவெளி விட்டு ஊறவிட்டால் அது தூய்மையடைவதை ஆங்கிலேய வேதியியலறிஞர் எட்வர்ட் பிராங்லண்ட் கண்டிருந்தார். மண்ணின் துளைகளிலுள்ள காற்றே அழுக்கை எரித்துவிடுகிறது என்று அக்காலத்தில் கருதினர். 1877இல் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் ஆகிய இருவரும் இக்கருத்தைச் சோதித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர். ஏறத்தாழ 20 நாள் எந்த மாற்றமும் இல்லை. அதன்பின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. தோட்டமண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. காற்று மட்டுமே காரணமாயின் 20 நாள் காத்திருப்பானேன்? குளோரோஃபார்முக்கு அடங்குவானேன்? அங்கே பணி செய்தவை உயிர்கள் என்பது தெளிவாயிற்று.

இந்த அறிவைக் கொண்டு கல்லும் சரளையும் பரப்பிய வடிபடுகைகள் பல ஊர்களில் எழுந்தன. ஆயினும் வளரும் நகரங்களுக்கு அவை பெருநிலத்தைக் கேட்டன. 1912இல் மான்செஸ்டரைச் சேர்ந்த கில்பர்ட் பவுலர் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்திற்குச் சென்று, கழிவுநீரில் காற்றைச் செலுத்தும் சோதனைகளைப் பார்த்துத் திரும்பினார். அவர் தூண்டுதலால் மான்செஸ்டரின் டேவிஹியூம் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் புட்டிகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்றூதினர். முதன்முறை அம்மோனியா முழுவதும் மாறுவதற்கு 5 வாரம் பிடித்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் திருப்புமுனை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசட்டைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினர். ஒவ்வொரு முறையும் காலம் குறைந்தது. இறுதியில் ஒரு நாளுக்குள் பணி முடிந்தது. தமிழில் கசடு என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. நீக்கத்தக்கது என்று அனைவரும் எண்ணிய பொருளே அங்குக் கருவியாயிற்று. 1914 ஏப்ரல் 3ஆம் நாள் மான்செஸ்டரில் அறிவித்த இம்முறைக்குக் 'கிளர்வுற்ற கசடு' என்று பெயர் அமைந்தது. பவுலர் 1916இல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார்.

அக்கசட்டில் நிகழ்வது என்ன? சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளைப் பாக்டீரியங்கள் நேரே உட்கொள்கின்றன. புரதம், மாவுப்பொருள் போன்ற பெரியவற்றை நொதிகளால் முதலில் உடைத்துக்கொள்கின்றன. உண்டதில் ஒரு பகுதி ஆற்றலுக்காக எரிந்து கரியமிலவாயுவாகிறது; மற்றொரு பகுதி அவற்றின் உடலாகிறது. பசைப்பொருளால் ஒன்றோடொன்று ஒட்டிய பாக்டீரியங்கள் திரள்களாகிப் படிகின்றன. நீரில் கரைந்து கைக்கு அகப்படாதிருந்த அழுக்கு, இவ்வாறு உயிருடலாக மாறிப் படிவதனால்தான் அதனைப் பிரித்தெடுக்க முடிகிறது.

சிங்கப்பூரில் மலத்தை வாளிகளில் எடுத்துச் செல்லும் முறை 1987இல்தான் முற்றாக ஒழிந்தது. 2003இல், சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து பெறப்படும் புதுநீர் பயன்பாட்டுக்கு வந்தது. 16 ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தில் நுண்துளைச் சவ்வுகளின் பங்கைப் பலரும் அறிவர். சவ்வுக்கு முன்னே நின்று பெரும்பகுதி அழுக்கை உண்டு தீர்ப்பவை நுண்ணுயிர்களே என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

எனினும் நுண்ணுயிர்கள் நீரை முற்றும் வெறுமையாக்கிவிடுவதில்லை. எளிதில் செரியாத பொருள்கள் எஞ்சுகின்றன. அவற்றோடு, நுண்ணுயிர்கள் வளரும்போது வெளியிட்டவையும் இறந்து சிதைந்தபோது கலந்தவையுமான புதிய கரைபொருள்கள் சேர்கின்றன. உள்ளே வந்த கழிவில் இல்லாதவை சில, வெளியேறும் நீரில் இருக்கின்றன. இவை சவ்வின் துளைகளை அடைக்கின்றன. குளோரினோடு சேர்ந்து வேண்டாத சேர்மங்களையும் தோற்றுவிக்கக்கூடும். ஆகவே எவ்வளவு அழுக்கு நீங்கியது என்று அளந்து நிறைவு கொண்ட அறிவியல், எஞ்சியது எதுவாக மாறியிருக்கிறது என்று இன்று கேட்கிறது. நாம் பயன்படுத்திய நீரையே மீண்டும் பருகும் நாட்டில் இக்கேள்வி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று; நம் வீட்டுக் குவளை வரை வருவதாகும்.