திரைக்கு முன் அமர்ந்த தொழிலாளர்

கணிப்பொறித் திரையில் எது எங்கே தோன்றவேண்டும், எந்த விசையை எப்பொழுது அழுத்தவேண்டும் என்பவை, பொறியியல் வல்லுநர்கள் தம் அறைக்குள் இருந்தபடியே முடிவுகட்டிவிடக்கூடிய சில்லறை விஷயங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன; ஆயினும் சென்ற அறுபதாண்டுச் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு, தொழிலாளரின் கைத்திறன் நிலைப்பதும் நசிப்பதும், அம்முடிவுகள் செய்யப்படும் வேளையில் அவர் சொல் கேட்கப்பட்டதா என்பதைப் பெரிதும் சார்ந்திருந்தமை புலனாகும்.

மனிதனின் அறிவாற்றலைக் கணிப்பொறியால் பெருக்குவது குறித்து 1962-ல் அறிக்கை எழுதிய டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9-ம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில், மௌஸையும், திரையிலேயே எழுத்தைத் திருத்தும் முறையையும், தொலைவில் இருப்பவருடன் ஒரே பத்திரத்தைப் பார்த்தபடி உரையாடும் வசதியையும் 90 நிமிஷ நேரம் பிரத்தியட்சமாகக் காட்டினார். 1981-ல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் யந்திரம் அலுவலக மேஜையையும் கோப்புகளையும் சித்திரங்களாகவே திரையில் பரப்பிவைத்தது. இவ்விரண்டிலும் கவனம் பெற்றவர் மேஜையருகே அமர்ந்து சிந்திப்பவரே.

தொழிற்கூடத்தின் குரல் எழுந்தது நார்டிக் நாடுகளில். ஸிமுலா என்னும் நிரல்மொழியை உருவாக்கிய இருவருள் ஒருவரான கிறிஸ்டன் நிகார்ட், 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கூடி உழைத்தார். புதிய கணிப்பொறி முறைகள் பற்றித் தொழிலாளர்க்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவேண்டும் என்ற உரிமை 1975-ல் தேசிய ஒப்பந்தமாகவே வடிவெடுத்தது. அதன் வழிவந்ததே, நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கத்துடன் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் 1981 முதல் 1985 வரை நடத்திய உட்டோப்பியா திட்டம். தலைப்பு எத்தனை பத்திக்கு நீளலாம், படத்தின் எந்த ஓரத்தை வெட்டலாம், கடைசி வரிகள் இடங்கொள்ளாதபோது எதைக் கைவிடலாம் என்பவற்றைக் கண்ணாலேயே அளந்து பழகிய பக்கம் அமைப்போரிடம் ஒரு வெறும் அட்டைப்பெட்டி காட்டப்பட்டது. அதன்மீது ‘மேஜை லேசர் அச்சுயந்திரம்’ என்று எழுதப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆயினும் அத்தகைய அட்டைகளையும் பலகைகளையும் முன்வைத்து, வேலை நடப்பதுபோல் நடித்துப் பார்க்கையில், கேள்விக்கு வார்த்தையால் விடை சொல்லமுடியாத கைப்பழக்கமெல்லாம் தானே வெளிப்பட்டது. இம்முறையை நான் மிக உயர்ந்த சாதனையாகவே மதிக்கிறேன். வணிகத்தில் அது பரவவில்லை என்பதும், 1986-ல் லண்டன் வாப்பிங்கில் புதிய அச்சுமுறையையொட்டி மூண்ட பூசலில் 5,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள் என்பதும் அதே காலத்தின் துயரமான பக்கம்.

அமெரிக்க அனுபவம் ஒன்று இதனினும் நுட்பமானது. நைனெக்ஸ் என்னும் டெலிபோன் கம்பெனி, தன் ஆபரேட்டர்களுக்குப் புதிய யந்திரங்கள் வாங்க எண்ணியது. அழைப்பொன்றுக்கு ஒரு விநாடி குறைந்தாலும் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிஞ்சும் என்பது கணக்கு. வேகமானதென்று சொல்லப்பட்ட அந்த யந்திரம் உண்மையில் அழைப்புக்கு அரை விநாடிக்கும் அதிகமாகத் தாமதிக்கும் என்று வேய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் ஆகியோர் முன்னரே கணித்தார்கள். பரீட்சையும் அதனை உறுதிசெய்தது. கம்பெனி அதை வாங்கவில்லை. அவர்களது ஆய்வு 1993-ல் வெளியாயிற்று. அத்தாமதத்துக்குக் காரணம் யாதெனில், அழைத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, காது கேட்பில் இருக்க, ஆபரேட்டரின் விரல்கள் விசைகளை அழுத்தி முடித்துவிடும். புதிய யந்திரம் நீக்கியவை அத்தகைய தட்டல்களே; ஆதலால் நேரம் மிச்சமாகவில்லை. அழைப்பின் இறுதியில் அது சேர்த்த ஒரு தட்டலோ வேறெந்தச் செயலோடும் இணையாமல் தனியே நின்று நேரத்தை விழுங்கிற்று.

இப்போது யந்திரமே சம்பாஷிக்கத் தொடங்கியிருக்கிறது. வாடிக்கையாளர் உதவிப் பணியாளர் 5,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றி எரிக் பிரின்யால்ஃப்ஸனும் சகாக்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பதில்களை யோசனையாகச் சொல்லித்தரும் நிரலால் வேலைத்திறன் சராசரி 14 சதவீதமும், புதியவர்களிடம் 34 சதவீதமும் உயர்ந்தது. அனுபவசாலிகளுக்கு விளைந்த பயன் சொற்பமே. கைதேர்ந்தவர்களின் பேச்சுமுறையைப் பதிவுகளிலிருந்து கற்று, யந்திரம் அதைப் புதியவர்க்கு வழங்கியது என்பது ஆய்வாளர்களின் அனுமானம். அச்சுத் தொழிலாளர்கள் அட்டைப்பெட்டியின் முன் நின்று தம் வித்தையைத் தாமே அறிந்து கொடுத்தார்கள். இந்த உதவிப் பணியாளர்களிடமிருந்தோ அது அன்றாட உரையாடல் வழியே பெறப்படுகிறது. நார்வே ஒப்பந்தம் யந்திரம் வருமுன் தகவல் பெறும் உரிமையை நாட்டியது. அதனோடு, உரையாடல் பதிவுகள் யந்திரப் பயிற்சிக்குச் செல்லுமுன் சம்மதம் கேட்கப்படும் உரிமையும், அவற்றின் விளைவில் பங்கு பெறும் உரிமையும் இனிவரும் தொழில் ஒப்பந்தங்களில் எழுதப்படவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.