வட்டத்தின் பரப்பு

வட்டத்தின் பரப்பையும் வளைகோடுகள் சூழ்ந்த பிற உருவங்களின் பரப்பையும் கணக்கிடும் முறைகள் நில அளவையோடும் தானியக் குதிர்களின் கொள்ளளவோடும் தொடங்கியவை. நேர்க்கோட்டு உருவத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் கூட்டிவிடலாம். வட்டத்தில் எத்தனை முக்கோணம் வரைந்தாலும் விளிம்போரம் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விதான் இத்துறையை வளர்த்தது.

கி.மு. 1650ஐ ஒட்டி ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில், 9 கெட் விட்டமுள்ள வட்ட வயலின் கணக்கு இருக்கிறது. விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சிய 8ஐ வர்க்கமாக்கினால் விடை 64. சரியான பரப்பு ஏறத்தாழ 63.62. பாபிலோனியர் சுற்றளவின் வர்க்கத்தை 12ஆல் வகுத்தனர். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பையின் (π) மதிப்பை 3 என்று கொள்வதற்கு அது சமம். வயலை அளக்க இவை போதும். ஆனால் விதிக்கான காரணத்தை இருவருமே எழுதி வைக்கவில்லை.

காரணத்தைக் கேட்டவர்கள் கிரேக்கர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கியோஸ் தீவின் ஹிப்போகிரட்டீஸ், சில பிறை வடிவங்களுக்குச் சமமான பரப்புள்ள நேர்க்கோட்டு உருவங்களைக் காட்டினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், ஆரத்தையும் சுற்றளவையும் செங்கோணத்தை அடுத்த பக்கங்களாகக் கொண்ட முக்கோணத்துக்கு வட்டம் சமம் என்று நிறுவினார். வட்டம் பெரிது என்றாலும் முரண் வரும், சிறிது என்றாலும் முரண் வரும், ஆகவே சமம். 96 பக்கப் பலகோணங்களைக் கொண்டு, பையை 223/71க்கும் 22/7க்கும் இடையில் நிறுத்தினார். நம் வகுப்பறைகளில் பையாகவே புழங்கும் 22/7, அவருக்கு மேல் எல்லை மட்டுமே. இதை மாணவர்களுக்குச் சொல்லியே கற்பிக்க வேண்டும்.

அவருடைய பரவளையக் கணக்கு இதைவிட அழகானது. நாண் வெட்டிய பரவளையத் துண்டுக்குள் ஒரு முக்கோணம். இருபுறமும் மிஞ்சிய இடங்களில் மேலும் இரண்டு. அவ்விரண்டும் சேர்ந்து முதல் முக்கோணத்தில் கால் பங்கு. அடுத்த சுற்றில் சேர்வது அந்தக் காலில் கால். இப்படியே போனால் மொத்தம் முதல் முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு. நெம்புகோலில் நிறுத்துப் பார்ப்பதுபோல் எண்ணித்தான் அவர் இந்த விடையை முதலில் கண்டார் என்பது 1906இல் தெரியவந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு வழிபாட்டு நூலின் தோல் ஏடுகளில், சுரண்டி அழிக்கப்பட்டிருந்த அவருடைய எழுத்தை ஹைபெர்க் என்ற அறிஞர் அந்த ஆண்டில் படித்தார்.

சீனத்தில் லியு ஹுய் கி.பி. 263இல் பலகோணங்களின் வழியே வட்டத்தை நெருங்கினார். 499இல் ஆரியபட்டர், அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கச் சொன்னார். காரி நாயனாரின் கணக்கதிகாரமும் இதே விதியைத் தமிழில் சொல்லி, விடையைக் குழி என்ற பரப்பலகில் தருகிறது. ஆரியபட்டர் கோளத்தின் கன அளவுக்குத் தந்த விதி தவறு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதி சரியான விதியைத் தந்தது.

விதிகளுக்கு விளக்கம் விரிவாகக் கிடைப்பது கேரளத்தில். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை, வட்டத்தை இரு பாதியாக்கி, ஒவ்வொன்றையும் மையத்திலிருந்து மெல்லிய துண்டுகளாகப் பிளந்து விரிக்கிறது. ஒரு பாதியின் கூர்முனைகள் மற்றதன் இடைவெளிகளில் புகும்படி கோத்தால், நீளம் அரைச் சுற்றளவும் அகலம் ஆரமுமான செவ்வகம் கிடைக்கும். துண்டுகள் மெலிய மெலிய விளிம்பு நேராகும். பைக்குக் கேரளக் கணிதர் மாதவர் கண்ட முடிவிலாத் தொடரும் அந்நூலில் நிறுவப்பட்டுள்ளது.

ஐரோப்பாவில் கெப்ளர் 1615இல் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவை ஆராய்ந்தார். 1635இல் கவலியேரி, உருவங்களை எண்ணற்ற இணைகோடுகளின் திரளாகக் கருதினார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் நியூட்டனும் லைப்னிட்ஸும் தொகை நுண்கணிதத்தை உருவாக்க, தனித்தனி உத்தி தேவைப்பட்ட வளைகோடுகள் ஒரே முறைக்குள் வந்தன. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வட்டத்துக்குச் சமமான சதுரம் வரைய முடியாது என்பதற்கு 1882இல் லிண்டெமன் முடிவான நிரூபணம் தந்தார்.

சமன்பாடே இல்லாத வளைவுகளும் உண்டு: ஏரியின் கரை, வரைபடத்தில் ஓர் ஊரின் எல்லை. அவற்றுக்காக சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854இல் பரப்புமானியை அமைத்தார். அதன் முள்ளை எல்லையின் மேல் ஒரு சுற்று நகர்த்தினால், கருவியின் சிறு சக்கரம் உருண்ட அளவிலிருந்தே உள்ளே இருக்கும் பரப்பு தெரிந்துவிடும்.