டயர் கடையில் பிறந்த கால்

ஜெய்ப்பூர் கால்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு சுதா சந்திரன் ஞாபகம்தான் வரும். 1981-ல் திருச்சி பக்கத்துல நடந்த பஸ் விபத்தால வலது காலை இழந்தவர், அந்தக் காலை மாட்டிக்கிட்டு 1984-ல் மறுபடி மேடையேறினார். ‘மயூரி’ படமும் வந்தது. ஆனா அந்தக் காலோட கதை அதுக்கும் முன்னாடி, 1960-களில் ஆரம்பிக்குது.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில டாக்டர் பி.கே. சேத்தி எலும்பு மருத்துவர். அப்போ கிடைச்ச செயற்கைப் பாதம் ‘சாக்’னு ஒரு அமெரிக்க டிசைன், பெர்க்லியில உருவானது. நல்ல சரக்குதான், ஆனா ஷூ போட்டாத்தான் வேலை செய்யும். கணுக்கால் மடங்காது. ராஜஸ்தான் விவசாயி ஷூ போட்டுக்கிட்டு சேத்துல இறங்குவாரா? குத்தவைக்கணும், சம்மணம் போட்டு சாப்பிடணும், கோயிலுக்குள்ள வெறுங்காலோட போகணும். இதெல்லாம் முடியாததால பல பேர் காலை வீட்டு மூலையில வச்சுட்டு பழையபடி ஊன்றுகோலுக்கே போயிட்டாங்க. எங்க துறையில இதுக்குப் பேர் ரிக்வயர்மென்ட் கேக்காம டெலிவரி பண்றது :-)

விடை வந்தது ராம் சந்திர சர்மாகிட்டேருந்து. அதிகம் படிக்காத கைவினைஞர். அதே மருத்துவமனையில நோயாளிகளுக்குக் கைத்தொழில் கத்துக்கொடுத்தவர். அவர் சைக்கிள் பஞ்சராகி ஒரு கடையில நின்னப்ப, அங்க லாரி டயருக்கு ரீட்ரெடிங் பண்றதைப் பார்த்தார், இதே மாதிரி ஒரு பாதத்தை வார்க்க முடியுமான்னு கேட்டார்னு சொல்றாங்க. முழுக்க ரப்பர்ல செஞ்சா கனம் தாங்கல. அதனால குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை. சுத்தி டயர்ல போடுற நூல் கலந்த ரப்பரைச் சுத்தி, அச்சுல வச்சு வேக வச்சாங்க. தோல் நிறத்துல, விரலோட, தண்ணி பட்டாலும் கெடாத பாதம். மேல மாட்டுற கால் பகுதியை உள்ளூர் பாத்திரத் தொழிலாளிகள் அலுமினியத் தகட்டைத் தட்டியே செஞ்சாங்க. பின்னாடி அந்த இடத்துக்கு எச்.டி.பி.ஈ. குழாய் வந்துச்சு, நாம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற ரகம்தான்.

எனக்குப் பிடிச்சது பொருளைவிட அவங்க கேட்ட கேள்விதான். ‘மலிவா எப்படிச் செய்யலாம்’னு அவங்க ஆரம்பிக்கல. ‘இந்த ஆள் எப்படி உக்காருவார்’னு ஆரம்பிச்சாங்க. மலிவு அதுவா பின்னாடி வந்துச்சு.

காப்புரிமை எடுக்கல. 1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இலவசமாவே மாட்டிவிட ஆரம்பிச்சது. கண்ணிவெடியில கால் போன ஆப்கானிஸ்தான், கம்போடியா ஜனங்க வரைக்கும் இந்தப் பாதம் போய்ச் சேர்ந்துச்சு.

1981-ல் சேத்திக்கு மகசேசே விருது கிடைச்சது. தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனா அச்சுல கைய வச்ச சர்மாவுக்கு அந்த அளவுக்குப் பேர் கிடைக்கல. இந்தப் பதிவைப் படிக்கிறதுக்கு முன்னாடி அவர் பேரைக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர், பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.