சோகையைத் தீர்த்ததும் தந்ததும்

பழைய மருத்துவ நூல்கள் 'பாண்டு' என்று குறிக்கும் நோயே இன்று இரத்தசோகை எனப்படுகிறது. புற்றுநோய்க்கு மருந்தேற்போரை அது பெரிதும் வாட்டும். சோகை மருந்தும் புற்றுநோய் மருந்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது வியப்பான வரலாறாகும்.

1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகை ஈஸ்ட் சாரத்தால் தீர்வதைக் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அச்சாரத்தில் அடங்கிய பொருளே ஃபோலிக் அமிலம். அதனை 1945-இல் செயற்கையாக ஆக்கியது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினாப்டெரினும் அவ்விடத்திலேயே பிறந்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 பேருக்கு நோய் சிறிது காலம் தணிந்ததென 1948-இல் அறிவித்தார்.

விரைந்து பெருகும் அணுக்களை அழிக்கும் இத்தகைய மருந்துகள், சிவப்பணுக்கள் பிறக்கும் எலும்பு மச்சையையும் தாக்கும். எனவே இச்சோகை உணவுக் குறையால் மட்டும் வருவதன்று. குருதியை ஆய்ந்து, காரணத்திற்கேற்ப இரும்புச் சத்து கொடுப்பதும் குருதி ஏற்றுவதும் உண்டு. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்டினை இச்சோகைக்கு வழங்க 1993-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது; குருதி உறைதல் முதலிய கேடுகள் தெரியவரவே, 2007-இல் கடும் எச்சரிக்கையும் விடுத்தது.

முருங்கைக்கீரை நல்லதே. ஆயினும் மருத்துவரைக் கேளாது சத்து மாத்திரை உண்ணுதல் தகாது. ஃபோலிக் அமிலமே சில புற்றுநோய் மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கக்கூடும்.